வெள்ளி பூசிய வால்வு

இந்த நிகழ்ச்சியில் நாவல், கவிதை, பயணம் என்று பேசியவர்களையே நான் இதுவரை கேட்டிருக்கிறேன். ஒரு நர்ஸைக் கூப்பிட்டு வரலாறு பேசச் சொன்னதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நான் படித்தது நர்சிங் டிப்ளமா. எனக்குத் தெரிந்த வரலாறெல்லாம் கையால் தொட்ட பொருட்களின் வரலாறுதான். அப்படி ஒரு பொருளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு நோயாளி.

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு வார்டில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், காலில் வீக்கமும் காய்ச்சலுமாக வந்து சேர்ந்திருந்தார். அவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு உண்டு. இரவு இரண்டு மணிக்கு வார்டு அடங்கிய பிறகு கட்டிலருகே நின்றால் அது கேட்கும். டிக், டிக், டிக். பழைய சாவி கொடுக்கிற கைக்கடிகாரத்தைத் தலையணைக்கடியில் வைத்தது போல. பி.பி. பார்க்கப் போனபோது அவர் விழித்துக்கொண்டு படுத்திருந்தார். பர்ஸிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். வால்வு வைத்தவர்களுக்குக் கொடுக்கிற அட்டை. வருடம் 1999.

"பிள்ளை, என்ர நெஞ்சுக்க வெள்ளி கிடக்காம். மகன் போன்ல பாத்திட்டுச் சொன்னவன். அந்த வால்வை எல்லாம் திருப்பி எடுத்திட்டினமாம். உண்மையே?"

எனக்குத் தெரியவில்லை. "காலையில டாக்டர் வருவாங்க ஐயா, கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவர் விடவில்லை. "எல்லாத்தையும் திருப்பி எடுத்தவை எண்டால், என்ர வால்வை மட்டும் ஏன் உள்ளுக்க விட்டவை?"

இந்தப் பேச்சு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

வெள்ளி மீது நமக்கு இருக்கும் நம்பிக்கையைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பிறந்தால் பாலூட்ட வெள்ளிச் சங்கு, காலுக்குக் கொலுசு, இடுப்புக்கு அரைஞாண். மருத்துவத்திலும் வெள்ளி நம்மோடு சேர்ந்தே வளர்ந்தது. ஆனால் உடலுக்குள் வைத்துத் தைக்கும் பொருளாக அது புகழ்பெற்ற கதை அவ்வளவு அழகானதல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். பிரசவத்தில் குழந்தையின் தலை பல மணி நேரம் அழுத்தி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் ஓட்டை விழுந்துவிடும் பெண்களுக்குச் சிறுநீர் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். அந்த ஓட்டையை அடைக்க அவர் 1845 முதல் 1849 வரை அறுவை செய்து பார்த்தார். யார் மீது? அடிமைப் பெண்கள் மீது. மயக்க மருந்து கொடுக்காமல். அனார்க்கா, லூசி, பெட்சி என்ற மூன்று பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 30 முறை அறுவை நடந்தது. பட்டு நூலால் தைத்தபோதெல்லாம் தையல் சீழ் வைத்துப் பிரிந்தது. 1849-இல் வெள்ளிக் கம்பியால் தைத்தார், ஆறியது. பாடப்புத்தகங்களில் அந்தக் கம்பியோடு சிம்ஸின் பெயர் இருக்கும். தையலைத் தாங்கிய உடம்புகளின் பெயர் வெகுகாலம் இல்லை. நான் படித்தபோதும் இல்லை.

அதற்கு 30 வருடம் கழித்து, லைப்ஸிக் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் கார்ல் கிரெடே புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டார். தாயின் மேகவெட்டைக் கிருமி பிரசவப் பாதையில் குழந்தையின் கண்ணில் ஒட்டிப் பார்வையைப் பறித்த காலம் அது. பத்தில் ஒரு குழந்தைக்கு வந்த கண்நோய் நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பிறகு 1968-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபாக்ஸ் வெள்ளியையும் ஒரு சல்ஃபா மருந்தையும் இணைத்துத் தீக்காயத்துக்குக் களிம்பு செய்தார். அந்த வெள்ளைக் களிம்பை நான் நன்றாக அறிவேன். ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோது, ஸ்டவ் வெடித்து வந்த பெண்களுக்குத் தினமும் இரண்டு வேளை கையுறை போட்டுத் தடவியிருக்கிறேன். மறுநாள் அது சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும். அதைக் கழுவி எடுத்த பிறகுதான் அடுத்த பூச்சு. அவர்களில் பலரும் 'ஸ்டவ் வெடித்தது' என்றே சொல்வார்கள். அது வேறு பேச்சு, இன்றைக்கு வேண்டாம்.

கம்பி, சொட்டு, களிம்பு ஆகிய மூன்றிலும் வெள்ளி ஜெயித்திருந்தது. எனவே 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடலுக்குள் வைக்கும் கருவிகளில் கிருமி ஒட்டுவது பெரிய பிரச்சினையானபோது, ஆட்கள் வெள்ளியிடம் போனதில் ஆச்சரியமில்லை.

அந்தப் பிரச்சினை என்னவென்று சொல்லிவிடுகிறேன். லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் ஸ்டீபன் எலெக் என்ற கிருமியியலாளர் 1950-களில் ஒரு சோதனை செய்தார். இன்று அதற்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. முன்வந்த மாணவர்களின் தோலுக்குள் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியை எண்ணி எண்ணிச் செலுத்தினார். ஒரு கட்டி பழுக்கச் சில மில்லியன் கிருமிகள் தேவைப்பட்டன. பிறகு அதே கிருமியைப் பட்டு நூலில் தோய்த்துத் தோலில் ஒரு தையல் போட்டார். இப்போது சில நூறு கிருமிகளே போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. எலெக்கும் கோனனும் இதை 1957-இல் எழுதினார்கள்.

ஒரே ஒரு நூல், அவ்வளவுதான். உடம்பு தன்னுடையதாக ஏற்காத எந்தப் பொருளும் கிருமிக்கு ஒரு திண்ணையாகிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் கடை போட இடம் கிடைத்தவன் முதலில் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொள்வான் அல்லவா, அதுபோலக் கிருமி உட்கார்ந்த இடத்தில் தன்னைச் சுற்றி ஒரு கொழகொழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கிறது. பயோஃபிலிம் என்கிறோம். 1982-இல் மேரி, நெல்லிகன், காஸ்டர்டன் மூவரும் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த பேஸ்மேக்கர் கம்பியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவ்வளவு ஆன்டிபயாடிக் ஏற்றிய பிறகும் கிருமிகள் அந்தப் படலத்துக்குள் பத்திரமாக இருந்தன. ஊசி மருந்து கிருமியைத் தேடி வருகிறது, கிருமியோ கூரைக்கடியில் இருக்கிறது. எனவே உள்ளே வைத்த கருவியில் தொற்று வந்தால் பெரும்பாலும் கருவியையே கழற்றியாக வேண்டும். இதயத்துக்குள் இருக்கும் கருவியென்றால் அது என்னவாகும் என்று நான் விளக்க வேண்டாம்.

1987-இல் ஆன்டனி கிரிஸ்டினா 'சயன்ஸ்' இதழில் இதை ஒரு ஓட்டப்பந்தயமாக எழுதினார். உள்ளே வைத்த பொருளின் மேற்பரப்பில் இடம்பிடிக்க இரண்டு பேர் ஓடுகிறார்கள். ஒருவர் கிருமி, மற்றவர் நம் உடம்பின் செல். உடம்பின் செல் முதலில் போய்ப் படர்ந்துவிட்டால் கிருமிக்கு இடமில்லை. அந்தப் பந்தயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐயாவின் வால்வுக்கு இப்போது வருகிறேன்.

மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்தில் இருந்த நிறுவனம் செயின்ட் ஜூட் மெடிக்கல். அவர்களுடைய இரண்டு இதழ் கொண்ட கார்பன் வால்வு 1977 அக்டோபரில் முதல்முறையாக ஒரு மனித இதயத்தில் வைக்கப்பட்டது. உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட இயந்திர வால்வுகளில் அது ஒன்று. அதில் கதவு போல் திறந்து மூடுவது கார்பன். அதைச் சுற்றி ஒரு துணி வளையம் இருக்கும், பாலியஸ்டர். அறுவை மருத்துவர் அந்தத் துணியின் வழியாகத்தான் ஊசியை ஓட்டி வால்வை இதயத்தோடு தைப்பார். தையல் வளையம் என்று சொல்லலாம். தைத்த நூல்கள் வால்வைப் பிடித்திருப்பது ஆரம்பத்தில்தான். வாரங்கள் போகப்போக இதயத்தின் திசு அந்தத் துணியின் இழைகளுக்குள் வளர்ந்து, பாசி படர்வது போல் படர்ந்து, வால்வைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். நல்ல வால்வு நிற்பது இந்த வளர்ச்சியில்தான்.

அதே துணிதான் கிருமிக்கும் நல்ல இடம். வால்வில் தொற்று வந்தால் சாவு அருகில் வந்துவிடும். அது நூற்றில் சிலருக்குத்தான் வரும், ஆனால் வந்தவர்களில் பலர் பிழைப்பதில்லை. எனவே அந்தத் துணியில் வெள்ளி பூசினால் என்ன என்று யோசித்தார்கள். வெற்றிடப் பெட்டிக்குள் அயனிக் கற்றையைக் கொண்டு பாலியஸ்டர் இழைகளின் மேல் மெல்லிய வெள்ளிப் படலத்தைப் படிய வைத்தார்கள். சில்சோன் என்று பெயர் வைத்தார்கள். ஆய்வகத் தட்டில் வெள்ளி கிருமியைத் தடுத்தது. 1997-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 1998 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பூச்சு பூசிய வால்வு தொற்றை உண்மையிலேயே குறைக்கிறதா என்று மனிதர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய ஆய்வு அனுமதிக்குப் பிறகுதான் தொடங்கியது, 1998 ஜூலையில். ஏவெர்ட் என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். 4,400 நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வெள்ளி பூசிய வால்வும் பாதிப் பேருக்குப் பூசாத அதே வால்வும் குலுக்கல் முறையில் வைப்பது திட்டம். ஆய்வு ஒரு பக்கம் நடக்க, விற்பனை இன்னொரு பக்கம் நடந்தது. அன்று பலருக்கு இது தவறாகத் தெரிந்திருக்காது. வால்வு ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டது. வெள்ளியோ நூறு வருடமாக நாம் அறிந்தது. தெரிந்த இரண்டைச் சேர்த்தால் தெரிந்த ஒன்றுதான் வரும் என்று எவரும் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஏவெர்ட் ஆய்வில் 807 பேர் சேர்ந்திருந்தபோது, தரவுகளைத் தனியாக இருந்து கண்காணிக்கும் குழு ஒன்றைக் கவனித்தது. வெள்ளி பூசிய பக்கத்தில் ஓரக்கசிவு கூடுதலாக இருந்தது. ஓரக்கசிவு என்றால், வால்வின் கதவு சரியாக மூடும், ஆனால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியே ரத்தம் பின்னோக்கிக் கசியும். ஜன்னல் கதவு நன்றாக இருந்தும் சட்டத்தைச் சுற்றிச் சிமெண்ட் பிடிக்காமல் மழைத்தண்ணீர் உள்ளே வருமே, அதுபோல. சிலருக்கு மறுபடி நெஞ்சைத் திறந்து வால்வைக் கழற்ற வேண்டி வந்தது. 2000 ஜனவரியில் ஆய்வில் ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். நிறுவனம் வெள்ளி பூசிய வால்வுகளைத் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 36,000 பேருக்கு அவை வைக்கப்பட்டிருந்தன. எந்தத் தொற்றைக் குறைக்கப் பூசினார்களோ அதில் பயன் எதுவும் தெரியவில்லை. 2003-இல் வேல்ஸ் நாட்டு கார்டிஃப் நகரத்து மருத்துவர்கள் 'ஹார்ட்' இதழில் தங்கள் நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, ஓரக்கசிவோடு ரத்தக்கட்டி அடைப்பு பற்றிய கவலையையும் எழுப்பினார்கள்.

எப்படி இது நடந்தது? பந்தயத்தில் ஓடுபவர் இருவர் என்று சொன்னேன். வெள்ளி ஆள் பார்த்துத் தடுப்பதில்லை. அது கிருமியின் காலைப் பிடித்து நிறுத்துகிறது என்றால், துணிக்குள் வளர வந்த நம் திசுவின் செல்லையும் நிறுத்தக்கூடும். கிருமிக்கு நஞ்சானது பக்கத்தில் நிற்கும் செல்லுக்கு அமிர்தமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையே. இதுதான் பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். தீக்காயக் களிம்பு புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்ற பேச்சு நர்ஸ்களிடம் முன்பே உண்டு. ஆனால் களிம்பை நாங்கள் தினம் கழுவி எடுத்துவிடுவோம். வால்வின் பூச்சை யார் கழுவுவது?

கனடாவில் நோயாளிகள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். ஒண்டாரியோ நீதிமன்றத்தில் நீண்ட விசாரணை நடந்தது. 2012-இல் வழக்கு தள்ளுபடியானது. தீர்ப்பைப் பற்றி விவாதிக்க எனக்குச் சட்டம் தெரியாது. எனக்குப் பட்டது ஒன்றுதான். கெட்ட செய்தியைக் கொண்டுவந்தது, நல்ல செய்தியைக் கொண்டுவர வேண்டுமென்று நிறுவனமே தொடங்கிய ஆய்வு. குலுக்கிப் போட்டு ஒப்பிடாமல் இருந்திருந்தால், ஒவ்வொரு ஓரக்கசிவும் அந்தந்த ஆஸ்பத்திரியில் தையல் சரியில்லை என்றோ நோயாளியின் திசு பலவீனம் என்றோ எழுதப்பட்டுப் போயிருக்கும். எத்தனையோ கேஸ் ஷீட்டில் அப்படி எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளி தோற்றுப்போன பொருள் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஜெர்மனியில் மியூன்ஸ்டர் நகரத்தில் எலும்புப் புற்றுநோய்க்குத் தொடை எலும்பையோ கால் எலும்பையோ பாதி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரிய உலோக எலும்பு வைப்பார்கள். கீமோதெரபியில் இருக்கும் உடம்பு, பெரிய காயம், தொற்று எளிதாக வரும். அந்த உலோகத்தின் மேல் வெள்ளி பூசினார்கள். 2010-இல் அவர்கள் எழுதியபடி, பூசாத 74 பேரில் 17.6 சதவீதம் தொற்று, பூசிய 51 பேரில் 5.9 சதவீதம். சிறிய எண்ணிக்கைதான், குலுக்கல் முறையும் இல்லை. ஆனாலும் ஒரு விவரம் என்னைப் பிடித்து நிறுத்தியது. எலும்புக்குள் இறங்குகிற தண்டுப் பகுதியில் அவர்கள் வெள்ளியைப் பூசவில்லை. அங்கே எலும்பு வந்து பற்ற வேண்டும். தசையை ஒட்டி வெறுமனே இருக்கும் பகுதிக்கு மட்டும் பூச்சு. வால்வின் துணி வளையத்தில் இப்படி இரண்டு பகுதியாகப் பிரிக்க வழியில்லை. கிருமி வந்து உட்காரும் இடமும் திசு வந்து பற்றும் இடமும் அங்கே ஒன்றேதான்.

இனி வேறொரு கருவி. இதயத்திலிருந்து தலைக்குப் போகிறேன். சில குழந்தைகளுக்கு மூளைக்குள் நீர் வடியாமல் தேங்கித் தலை பெருக்கும். ஃபிலடெல்ஃபியாவில் ஜான் ஹோல்டர் என்ற தொழிற்சாலைத் தொழில்நுட்பக்காரருக்கு 1955-இல் பிறந்த மகன் கேசிக்கு அந்த நிலை. மகனுடைய தலையில் ஊசி குத்தி நீர் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன், சிலிகோன் ரப்பரில் ஒருவழி வால்வு ஒன்றைச் செய்தார். 1956 முதல் அது குழந்தைகளுக்குள் போனது. மூளையிலிருந்து ஒரு குழாய், நடுவில் வால்வு, அங்கிருந்து நீர் உடம்புக்குள் வடியும். ஷன்ட் என்று பெயர். ஆயிரக்கணக்கான குழந்தைகளை வாழவைத்தது. கூடவே தொற்றும் வந்தது. பெரும்பாலும் நம் தோலில் சாதுவாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ்தான், அறுவையின்போது உள்ளே போய்க் குழாயில் உட்கார்ந்துகொள்ளும்.

ரோஜர் பேஸ்டன் என்ற ஆங்கிலேயக் கிருமியியலாளர் 1972-இல், பென்னி என்பவரோடு சேர்ந்து, இந்த ஹோல்டர் ஷன்டுகளில் ஒட்டும் கிருமி ஏராளமாகச் சளி போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்று எழுதினார். பயோஃபிலிம் என்ற சொல் பிரபலமாவதற்கு முந்தைய எழுத்து அது. பிறகு அவர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த ஒரு குழாய்க்கே கொடுத்தார். பூச்சு பூசினால் உரிந்து போகும், உடல்நீரின் புரதம் அதன் மேல் படிந்து மூடிவிடும். எனவே அவர் பூசவில்லை, ஊற வைத்தார். சிலிகோன் குழாயைக் கரைப்பானில் போட்டால் அது ஊதிப் பெருக்கும். அந்தக் கரைப்பானில் மருந்து கலந்திருந்தால் அது ரப்பரின் உள்ளுக்குள்ளேயே போய்விடும். கரைப்பான் ஆவியானதும் குழாய் பழைய அளவுக்கு வரும், மருந்து உள்ளே தங்கிவிடும். பிறகு வாரக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். ஊறுகாய் மாங்காயில் உப்பு உள்ளே இறங்கியிருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே துடைத்தாலும் உப்பு போகாது. ஒரு மருந்தென்றால் கிருமி பழகிவிடும் என்பதால் இரண்டு, ரிஃபாம்பிசினும் கிளிண்டாமைசினும். அந்தக் குழாய் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ரிஃபாம்பிசின் என்றால் நமக்கு டி.பி. மாத்திரை. ஊரில் அதைச் சாப்பிடும் நோயாளிகளிடம், சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீங்க என்று நாங்கள் முதலிலேயே சொல்லிவிடுவோம். அதே நிறம்.

இதே யோசனை எலும்பு மருத்துவத்தில் முன்பே இருந்தது. ஹாம்பர்க்கில் புக்ஹோல்ஸ் இடுப்பு மூட்டை ஒட்டும் சிமெண்டிலேயே ஜென்டாமைசினைக் கலந்து 1970-இல் எழுதினார். சிமெண்ட் இறுகும்போது சூடாகும், அந்தச் சூட்டைத் தாங்கும் ஆன்டிபயாடிக் அது.

வெள்ளி கலந்த ஷன்ட் குழாயும் சந்தையில் இருந்தது. எது நல்லது? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 21 நரம்பியல் அறுவை மையங்களில் 1,605 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். லிவர்பூல் ஆல்டர் ஹே குழந்தைகள் ஆஸ்பத்திரியின் கோனர் மலூச்சி தலைமை. சாதாரணக் குழாய், ஆன்டிபயாடிக் ஊறிய குழாய், வெள்ளிக் குழாய் என மூன்று குழு. முடிவு 2019-இல் 'லான்செட்' இதழில் வந்தது. சாதாரணக் குழாயில் தொற்று 6 சதவீதம். ஆன்டிபயாடிக் குழாயில் 2. வெள்ளிக் குழாயில் 6.

வெள்ளி இருந்தும் இல்லாததும் ஒன்றாகவே இருந்தது. தட்டில் ஜெயிக்கும் வெள்ளி உடம்பில் தடுமாற வேதியியல் காரணமே உண்டு. உடல்நீரெல்லாம் உப்பும் புரதமும். வெள்ளி அயனி வெளியே வந்ததும் குளோரைடு பிடித்துக்கொள்ளும், புரதம் பிடித்துக்கொள்ளும். கிருமிக்கு மிச்சம் இருப்பது குறைவு.

நர்ஸ்களான எங்களுக்கு மிக நெருக்கமான கருவி சிறுநீர்க் கதீட்டர். அது நிரந்தரமாக உள்ளே தங்குவதில்லை, ஆனால் ஒரே சாதி. வெள்ளிக் கலவை பூசிய கதீட்டர் வந்தபோது விலை கூடுதல், வார்டில் அதற்கு மரியாதையும் கூடுதல். வயதானவர்களுக்கு அதைப் போட்டுவிட்டு ஏதோ புண்ணியம் செய்தது போல் நானும் நகர்ந்திருக்கிறேன். 2012-இல் இங்கே 24 என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளில் 7,102 பேரிடம் நடந்த ஆய்வு 'லான்செட்'டில் வந்தது. சாதாரணக் கதீட்டரில் சிறுநீர்த் தொற்று 12.6 சதவீதம், வெள்ளிக் கதீட்டரில் 12.5. நைட்ரோஃபுரால் என்ற மருந்து ஊறியதில் 10.6, ஆனால் போட்டவர்களுக்கு எரிச்சல் அதிகம், அந்தக் குறைவும் போதாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதன் பிறகு என் பழக்கம் மாறியது. ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலிலும் "இந்தக் கதீட்டர் இன்னிக்கும் வேணுமா?" என்று கேட்கத் தொடங்கினேன். சில டாக்டர்களுக்கு அது எரிச்சல். கேட்டால் பாதி நேரம் எடுத்துவிடலாம் என்பார்கள்.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கரைச் சுற்றிப் போடும், தானாகக் கரையும் ஒரு வலைப்பை இருக்கிறது. மினோசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஊறியது. 25 நாடுகளில் 6,983 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். தொற்று 1.2 சதவீதத்திலிருந்து 0.7-க்கு இறங்கியது. பார்க்கச் சின்ன எண்தான். அந்த வித்தியாசத்துக்குள் கருவியைக் கழற்ற வேண்டியிராதவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஏழாயிரம் பேர் தேவைப்பட்டார்கள் என்பதையும் பாருங்கள். சில்சோன் விற்பனைக்கு வந்தபோது அப்படி ஒப்பிட்டுப் பார்த்த நோயாளி ஒருவர்கூட இல்லை.

ஐயாவிடம் வருகிறேன். காலையில் இதய மருத்துவரிடம் சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்தார், எக்கோ எடுக்கச் சொன்னார். கசிவு இல்லை. வளையம் நன்றாகப் பற்றியிருந்தது. இரண்டு நாள் கழித்து எனக்கு மறுபடி நைட். அதற்குள் வீட்டில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் வாசித்திருந்தேன். அவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஐயா, திருப்பி எடுத்தாங்கன்னா ஆஸ்பத்திரி அலமாரியில இருந்ததைத்தான். நெஞ்சுக்குள்ள வச்சதை எடுக்கணும்னா மறுபடி நெஞ்சைத் திறக்கணும். கசிவு இல்லாதவங்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து. அதனால யாரையும் எடுக்கச் சொல்லல, கவனிச்சுப் பாக்கச் சொன்னாங்க. கசிஞ்சவங்களுக்குப் பெரும்பாலும் ஆரம்பத்துலயே கசிஞ்சிருச்சு. உங்களுக்கு இருபது வருசம் ஆச்சு."

கொஞ்ச நேரம் அந்த டிக், டிக் மட்டும் கேட்டது.

"2000-ஆம் ஆண்டு ஒரு கடிதம் வந்தது பிள்ளை. இங்கிலீசில. அப்ப நாங்கள் வந்து கொஞ்ச நாள்தான். மனுசி அதைப் பைலுக்க வச்சிட்டா. இப்ப மனுசியும் இல்லை."

அந்தக் கடிதத்தில் என்ன இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. அவருக்கு அன்று அதைத் தமிழில் வாசித்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

"அப்ப இந்த வெள்ளி எனக்கு ஒண்டும் செய்யேல்லையே?"

"கெட்டது ஒண்ணும் செய்யல ஐயா."

"நல்லது?"

"நல்லதும் செஞ்ச மாதிரி தெரியல."

அவர் சிரித்தார். அட்டையை வாங்கி, மடங்கிய ஓரத்தை விரலால் நீவி, பர்ஸுக்குள் வைத்தார். வார்ஃபரின் அளவு பார்க்க வியாழக்கிழமை ரத்தம் எடுக்க வேண்டும், எந்தக் கையில் எடுப்பீங்கள் என்று கேட்டார். இடது கையில் நரம்பு சரியாகக் கிடைக்காது, வலது கையில் எடுக்கச் சொல்லிக் குறித்து வைத்தேன்.